கடைசி நிமிடத் தற்காப்பு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பயிற்சியாளரின் முடிவை எதைக்கொண்டு எடைபோடுவது?

2023 நவம்பர் 25. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழக அணி தன் சொந்த மைதானமான ஜோர்டன்-ஹேரில் 24-20 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. எதிரணியான அலபாமாவுக்கு நான்காவது, அதாவது இறுதி வாய்ப்பு. கோல் கோடு 31 கெஜத் தொலைவில். ஆபர்ன் பந்தெறிபவர் மீது இரண்டே பேரை ஏவியது; அவர் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்தியது; மற்ற அனைவரையும் பின்னால் காவலுக்கு அனுப்பியது. நெருக்குவார் இல்லாததால் ஜேலன் மில்ரோ நிதானமாக நின்று, இடம் பார்த்து எறிந்தார். கோல் பகுதியின் மூலையில் ஐசையா பாண்ட் பிடித்தார். அலபாமா 27-24 என வென்றது. இரண்டு பேரை மட்டுமா அனுப்புவது என்ற கேள்வி ஆபர்ன் பயிற்சியாளர்களைத் துரத்தியது.

2025 ஜனவரி 20. அட்லாண்டாவில் தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். நோட்டர் டேம் 23-31 எனப் பின்தங்கியிருந்தது. சில நிமிடங்களே மிச்சம். ஒஹாயோ ஸ்டேட் மூன்றாவது வாய்ப்பில் 11 கெஜம் எடுக்க வேண்டிய நிலை. நோட்டர் டேமின் தற்காப்புப் பயிற்சியாளர் அல் கோல்டன் ஆபர்ன் செய்ததற்கு நேர்மாறாகச் செய்தார். ஆழத்தில் ஒருவரையும் நிறுத்தாமல், கூடுதல் ஆட்களைப் பந்தெறிபவர் மீது பாயவிட்டார். வில் ஹோவர்ட் எறிந்த பந்தைப் பிடித்த ஜெரமையா ஸ்மித் 50 கெஜத்துக்கும் மேல் முன்னேறினார். அதைத் தொடர்ந்து வந்த ஃபீல்டு கோலோடு 34-23 என ஆட்டம் முடிந்தது. இம்முறை எழுந்த கேள்வி, பின்னால் ஒருவரைக்கூட நிறுத்தாமல் இருப்பதா என்பது.

ஒருவர் ஆட்களைப் பின்னுக்கு இழுத்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டார். மற்றவர் முன்னுக்கு அனுப்பியதற்காக. இரண்டு தீர்ப்புகளுக்கும் அடிப்படையாக இருந்தது ஒன்றே: பந்து பிடிபட்டது. இந்தக் கட்டுரையின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஒரு தற்காப்புப் பயிற்சியாளர் எடுக்கும் முடிவை, விளைவைத் தள்ளி வைத்துவிட்டு எடைபோட முடியுமா? முடியும் என்பதும், விளையாடும் மாணவர்களுக்கு நியாயம் செய்ய வேறு வழியில்லை என்பதும் என் கருத்து.

விட்டுக்கொடுக்காமல் தடுக்க முடியாது

அமெரிக்கக் கால்பந்து பரிச்சயமில்லாதவர்களுக்காகச் சில அடிப்படைகள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றை ‘டவுன்’ என்பார்கள். நான்குக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு கிடைக்கும். கோல் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1, மீண்டும் ஒருமுறை உள்ளே கொண்டுபோனால் 2. கம்பங்களுக்கிடையே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். தலா 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு மூன்று டைம் அவுட்.

தற்காப்பின் கணக்கு எளிமையானது, ஆனால் இரக்கமற்றது. பந்தைப் பிடிக்க எதிரணியில் பொதுவாக ஐந்து பேர் ஓடலாம். தற்காப்பு நான்கு பேரைக் குவார்ட்டர்பேக் மீது ஏவினால் காவலுக்கு ஏழு பேர் மிஞ்சுவார்கள். ஆறு பேரை ஏவினால் ஐந்து பேர்தான் மிச்சம். ஒவ்வொருவரும் ஓர் ஆளைத் தனியாகக் காக்க வேண்டும், தவறினால் பின்னால் துணையில்லை. மூன்று பேரை ஏவினால் எட்டுப் பேர் காவலில் நிற்பார்கள், ஆனால் எறிபவருக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். களத்தின் அகலம் 53 கெஜத்துக்கும் மேல். பதினொரு பேரால் அத்தனையையும் மூட முடியாது. கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் ஃபீல்டர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பும் கேப்டன் ஒற்றை ரன்களை விட்டுக்கொடுத்து பவுண்டரியைக் காப்பது போலத்தான் இதுவும்.

ஆகவே, தற்காப்பு முடிவைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது எத்தனை பேரை ஏவினார் என்பதல்ல. எதை விட்டுக்கொடுக்கத் துணிந்தார், அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்கத் தக்கதுதானா அது என்பதே. இந்தக் கேள்விக்கான விடை புள்ளி வித்தியாசம், மிச்சமிருக்கும் நொடிகள், கையிருப்பு டைம் அவுட்கள், பந்து நிற்கும் இடம் ஆகிய நான்கையும் பொறுத்து மாறுகிறது. ஆழத்தை அடைத்து, குறுகிய பாஸ்களை அனுமதிக்கும் ‘ப்ரிவென்ட்’ ஏற்பாட்டை ரசிகர்கள் ஒட்டுமொத்தமாகச் சபிப்பது வழக்கம். ஆனால் ஒரு நிலைமையில் தக்கதாக இருக்கும் ஏற்பாடு இன்னொரு நிலைமையில் தற்கொலையாகிவிடும். கல்லூரி ஆட்டத்தின் பெயர்பெற்ற முடிவுகளை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரே ஓர் எறிதல்

முதல் வகை, ‘ஹெய்ல் மேரி’ எனப்படும் கடைசி நொடி நீண்ட எறிதல். 1984 நவம்பர் 23 அன்று மயாமி ஆரஞ்ச் பவுல் மைதானத்தில் மயாமி பல்கலைக்கழகம் 45-41 என முன்னிலை பெற்றிருந்தது. பாஸ்டன் காலேஜுக்கு 6 நொடி மிச்சம், பந்து 48 கெஜக் கோட்டில். டக் ஃப்ளூட்டி பின்வாங்கி, தன் பக்கத்துக் களத்திலிருந்து அறுபது கெஜத்துக்கும் மேல் எறிந்தார். ஜெரார்ட் ஃபீலன் கோல் பகுதியில் பிடித்தார். 47-45. குள்ளமான ஃப்ளூட்டியால் அத்தனை தூரம் எறிய முடியாது என்று நம்பி முன்னே நின்ற மயாமி வீரர்கள் ஃபீலனைத் தங்களுக்குப் பின்னால் போகவிட்டார்கள். அந்த நொடியில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒரே இடம் கோல் பகுதிதான். அதைத்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

1994 செப்டம்பர் 24 அன்று மிச்சிகன் 26-21 என முன்னிலையில் இருந்தபோது, கொலராடோவின் கார்டெல் ஸ்டூவர்ட் 64 கெஜ டச்டவுனுக்கு எறிந்தார். மிச்சிகன் மூன்று பேரை மட்டும் அவர்மீது ஏவியிருந்தது. பந்து திரண்டிருந்த கூட்டத்தில் தட்டுப்பட்டு எகிறி மைக்கேல் வெஸ்ட்புரூக்கின் கைக்குப் போனது. 27-26. மயாமி போலன்றி, மிச்சிகன் வீரர்கள் பந்து விழும் இடத்தில் இருந்தார்கள். இழப்பு கடைசி ஓரடியில், எகிறிய பந்தை யார் எடுப்பது என்பதில் நேர்ந்தது. ஆனால் மூன்று பேரை மட்டும் ஏவியதால் ஸ்டூவர்ட்டுக்கு அவ்வளவு தூரம் எறிய இடமும் நேரமும் கிடைத்தன என்பதையும் மறுக்க முடியாது.

2013 நவம்பர் 16 அன்று ஜார்ஜியா 38-37 என முன்னிலை. ஆபர்னுக்கு நான்காவது டவுன், 18 கெஜம் தேவை. நிக் மார்ஷல் நெடுந்தூரம் எறிந்தார். பந்துக்கருகே ஜார்ஜியாவின் இரண்டு காவலர்கள் இருந்தார்கள், தாக்குபவர் ஒருவர்தான். இருவரும் ஒரே நேரத்தில் பாய, பந்து தட்டுப்பட்டு, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்த ரிக்கார்டோ லூயிஸின் கையில் விழுந்தது. 73 கெஜம், 43-38. பயிற்சியாளரின் ஏற்பாடு இங்கே நூற்றுக்கு நூறு பலித்தது: ஒருவருக்கு இருவர் காவல். பிசகியது, நான்காவது டவுனில் பந்தைப் பிடிக்கத் தேவையில்லை, தரையில் தட்டிவிட்டாலே போதும் என்ற பழக்கம். அந்தப் பழக்கத்தை ஊட்டுவதும் பயிற்சியாளரின் வேலைதான். ஆனால் அது அந்த ஒரு நொடியில் எடுத்த முடிவல்ல. மாதக்கணக்கான பயிற்சியின் கணக்கு.

இந்த வரிசையில் 2023ன் ஆபர்ன் முடிவை வைத்துப் பார்ப்போம். அது களம் நீண்ட சூழ்நிலை அல்ல. கோல் கோட்டுக்கு 31 கெஜம், அதன்பின் கோல் பகுதியின் 10 கெஜம். காக்க வேண்டிய இடம் அளவானது. கோல் கோட்டுக்கு முன்னால் பந்தைப் பிடித்து அங்கேயே நிறுத்தப்பட்டால் அலபாமாவுக்குப் பயனில்லை. ஆகவே காவலர்களைப் பின்னுக்கு அனுப்பியது தர்க்கமில்லாத செயலல்ல. மில்ரோ வேகமாக ஓடக்கூடியவர் என்பதால் ஒருவரை அவருக்காக நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. ஆனால் இரண்டு பேரால் ஐந்து தடுப்பாளர்களைத் தாண்டி அவரை நெருங்க முடியாது. எத்தனை பேர் காவல் நின்றாலும் ஆறேழு நொடி ஒருவரைத் தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது எந்த மாணவனுக்கும் கடினம். ஆபர்ன் இடத்தை அடைத்தது; விலையாக நேரத்தை விட்டுக்கொடுத்தது. இடம் ஏற்கெனவே குறுகலாக இருந்த நிலையில், நேரத்தையும் கொஞ்சம் பறிக்க இன்னும் ஒன்றிரண்டு பேரை ஏவியிருக்கலாம் என்ற விமர்சனம் வலுவானது. பந்து பிடிபடாமல் போயிருந்தாலும் இந்த விமர்சனம் செல்லுபடியாகும். அதனால்தான் அதை மதிக்கிறேன்.

இரண்டு நிமிடம், நீண்ட களம்

இரண்டாம் வகையில் ஓர் எறிதல் அல்ல, ஒரு பயணமே மிச்சமிருக்கும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது புள்ளி வித்தியாசம். நான்கு அல்லது அதற்கு மேல் முன்னிலை என்றால் எதிரணி கோல் பகுதிவரை வந்தாக வேண்டும். நடுக்களத்தில் 10, 15 கெஜம் விட்டுக்கொடுப்பது தாங்கக்கூடிய செலவு. மூன்றோ அதற்குக் குறைவோ முன்னிலை என்றாலும், சமநிலை என்றாலும், எதிரணிக்கு ஃபீல்டு கோல் போதும். அப்போது அதே 15 கெஜம் ஆட்டத்தையே கொடுத்துவிடும்.

2022 அக்டோபர் 15 அன்று நாக்ஸ்வில்லில் நடந்தது இரண்டாவது நிலைமை. அலபாமாவும் டென்னசியும் 49-49. அலபாமாவின் 50 கெஜ ஃபீல்டு கோல் முயற்சி தவறியபோது 15 நொடிதான் இருந்தது. டென்னசியின் ஹெண்டன் ஹூக்கர் இரண்டே பாஸ்களில் 45 கெஜம் எடுத்தார். சேஸ் மெக்ராத் 40 கெஜத்திலிருந்து உதைத்தார். 52-49. கோல் பகுதியை விட ஃபீல்டு கோல் தூரமே அங்கே காக்க வேண்டிய எல்லை. நடுவில் கிடைத்த 18 கெஜமும் 27 கெஜமும் அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்கத் தகாத பொருள்கள். இந்தத் தோல்வியில் ஏற்பாட்டின்மீது பழி சொல்ல நியாயமுண்டு.

2006 ஜனவரி 4ன் ரோஸ் பவுல் ஆட்டம் வேறு பாடம் சொல்கிறது. சதர்ன் கலிஃபோர்னியா 38-33 முன்னிலை. இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் நான்காவது டவுனில் 2 கெஜம் எடுக்க முயன்று தோற்றது. டெக்சஸுக்கு 56 கெஜம் பாக்கி. அதன் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் அன்று ஓடியே 200 கெஜம் எடுத்தவர், எறிந்தது 267 கெஜம். அவரை நெருக்கினால் தப்பி ஓடுவார், காத்திருந்தால் எறிவார். 19 நொடி இருக்கையில், நான்காவது டவுனில், வலது மூலைக்கு ஓடி டச்டவுன் எடுத்தார். 41-38. சதர்ன் கலிஃபோர்னியாவின் பயிற்சியாளர் பீட் கேரல் மீது இன்றுவரை வைக்கப்படும் குற்றச்சாட்டு அந்த நான்காவது டவுன் முயற்சி பற்றியது. தற்காப்பு ஏற்பாட்டைப் பொறுத்தவரை, எதை விட்டுக்கொடுத்தாலும் எதிரி அதை எடுத்துக்கொள்ளும் வல்லமை உடையவராக இருந்தார். சரியான முடிவு என்று ஒன்று இல்லாத இரவுகளும் உண்டு என்பதை விமர்சகர் ஏற்கத்தான் வேண்டும்.

2017 ஜனவரி 9 அன்று டாம்பாவில் அலபாமா 31-28 என முன்னிலை பெற்றபோது இரண்டு நிமிடம்தான் இருந்தது. கிளெம்சனின் டிஷான் வாட்சன் 68 கெஜம் அணியை நடத்திச் சென்று, 1 நொடி மிச்சமிருக்கையில் 2 கெஜத்திலிருந்து ஹண்டர் ரென்ஃப்ரோவுக்கு எறிந்தார். 35-31. அலபாமா ஆளுக்கு ஆள் காவல் வைத்திருந்தது. ஒருவரை ஒருவர் குறுக்கே மறைக்கும் ஓட்டத்தில் ரென்ஃப்ரோ காவலரிடமிருந்து விடுபட்டார். அந்த ஏற்பாட்டைக் குறை சொல்லலாம். ஆனால் அன்று கிளெம்சன் 99 முறை தாக்குதல் முயற்சி செய்தது. அலபாமாவின் தற்காப்பு வீரர்கள் அத்தனைக்கும் ஈடுகொடுத்துக் களைத்திருந்தார்கள். களைப்புக்குத் தற்காப்புப் பயிற்சியாளர் மட்டும் காரணமல்ல. தன் அணியின் தாக்குதல் பந்தை வைத்திருக்கத் தவறினால் தற்காப்பு ஓய்வில்லாமல் நிற்கும். கடைசி முயற்சியை மட்டும் வெட்டியெடுத்துப் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இதற்கு நேர்மாறான மறைப்பும் உண்டு. 2023 அக்டோபர் 7 அன்று மயாமி 20-17 என முன்னிலையில், பந்தைப் பெற்றதும் முன்னேற முயலாமல் மண்டியிட்டு நேரத்தைக் கழித்திருந்தாலே வென்றிருக்கும். ஓட முயன்று பந்தை நழுவவிட்டது. ஜார்ஜியா டெக் 26 நொடிக்குள் 74 கெஜம் கடந்து 23-20 என வென்றது. கடைசி எறிதல் 44 கெஜம். தலைமைப் பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபலின் மண்டியிடாத முடிவு பழி முழுவதையும் இழுத்துக்கொண்டது. 26 நொடியில் 74 கெஜம் கொடுத்த தற்காப்பு ஏறத்தாழ யார் கண்ணிலும் படவில்லை. கண்ணை உறுத்தும் பெரிய தவறு ஒன்று அருகில் இருந்தால் மற்றது மறைந்துவிடுகிறது.

துணிந்து பாய்வதும் பொறுத்து நிற்பதும்

2018 ஜனவரி 8ன் இறுதி ஆட்டம் இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதது. கூடுதல் நேரத்தில் ஜார்ஜியா 51 கெஜ ஃபீல்டு கோலால் 23-20 என முந்தியது. அலபாமாவின் முதல் டவுனிலேயே டூவா டகோவைலோவாவை 16 கெஜம் பின்னால் வீழ்த்தியது. இரண்டாவது டவுன், 26 கெஜம். பந்து 41 கெஜக் கோட்டில். அங்கிருந்து ஃபீல்டு கோல் என்றால் 58 கெஜம். அலபாமாவின் உதைப்பாளர் முழுநேர ஆட்டத்தின் முடிவில் 36 கெஜத்தையே தவறவிட்டவர். இங்கே ஜார்ஜியா எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், ஆழத்தைத் தவிர. ஆழத்தில் இருவர் நின்று களத்தைப் பாதிப் பாதியாகக் காக்கும் ஏற்பாட்டை வைத்தது. நிலைமைக்குப் பொருத்தமான ஏற்பாடு. டகோவைலோவா கண்ணை வேறு பக்கம் காட்டி ஆழத்துக் காவலரைத் தாமதப்படுத்தினார். டெவோன்டா ஸ்மித் இடப்பக்கம் தனியே ஓடி 41 கெஜ டச்டவுன் பிடித்தார். 26-23.

எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் சரியாகத் தேர்ந்திருந்தார். எதிரணியின் முதலாண்டு மாணவர் ஒருவர் அசாத்தியமாக ஆடினார். இதைத் தோல்வியடைந்த முடிவு என்று சொல்லலாம், தவறான முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆட்டத்தை வைத்துத் தலைமைப் பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட்டைக் கடைசி நேரத்தில் கைவிடுபவர் என்று முத்திரை குத்தியவர்கள், நான்கு ஆண்டு கழித்து அதே அலபாமாவை 33-18 என வென்று அவர் பட்டம் எடுத்ததைக் கண்டார்கள். அடுத்த ஆண்டும் பட்டம் அவருடையதே.

கோல்டனின் முடிவை இதே தராசில் வைப்போம். நோட்டர் டேம் எட்டுப் புள்ளி பின்னால். ஒரு டச்டவுனும் இரண்டு புள்ளி முயற்சியும் கைகூடினால்தான் சமநிலை. பந்து திரும்பக் கிடைத்தாக வேண்டும். மூன்றாவது டவுனில் 11 கெஜம் கிடைத்துவிட்டால், 50 கெஜப் பாஸ் ஆனாலும் 12 கெஜப் பாஸ் ஆனாலும், ஏறத்தாழ ஆட்டம் முடிந்ததுதான். ஆகவே ஆழத்தை விட்டுக்கொடுத்ததில் அவர் கொடுத்த கூடுதல் விலை பார்வைக்குத் தோன்றுவதைவிடக் குறைவு. மறுபக்கம், ஜெரமையா ஸ்மித் போன்ற ஒருவரை ஒரே காவலரிடம் ஒப்படைத்தது பெரிய பந்தயம். துணையாக இன்னொருவரை அவர்மீது சாய்த்து, நான்கு பேரை மட்டும் ஏவியிருந்தால் பந்து வேறு யாரிடமோ போயிருக்கலாம். இரண்டு பக்கமும் வாதம் உண்டு. நியாயமான முடிவுகளின் எல்லைக்குள்தான் அது இருக்கிறது என்பது என் மதிப்பீடு. அந்தப் பருவத்தின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதைப் பெற்றவர் கோல்டன். அன்று தனித்து விடப்பட்ட மாணவரோ, பதினொரு நாளுக்கு முன் அரையிறுதியில் பென் ஸ்டேட்டின் பந்தை இடைமறித்து நோட்டர் டேமை இறுதிக்கு அழைத்து வந்தவர்.

கடிகாரமும் விதிநூலும்

தற்காப்பு முடிவுகள் எல்லாம் ஆட்களை நிறுத்துவது பற்றியவை அல்ல. நேரத்தைக் கையாள்வதும் அதில் பாதி. அடுத்த முயற்சியைத் தொடங்க 40 நொடி அவகாசம் என்பதால், எதிரணியிடம் டைம் அவுட் இல்லாதபோது முன்னிலை அணி மூன்று முறை மண்டியிட்டே ஏறக்குறைய இரண்டு நிமிடத்தைக் கழித்துவிடும். மூன்றாம் பகுதியில் ஆட்களைச் சரியாக அனுப்பாத குழப்பத்தில் ஒரு டைம் அவுட்டைச் செலவிடும் தற்காப்பு, உண்மையில் கடைசியின் 40 நொடியை அப்போதே தொலைக்கிறது. கடைசி நிமிடத்தைப் பற்றிய தீர்ப்பு கடைசி நிமிடத்திலேயே தொடங்கக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. 2024ல் ஒவ்வொரு பாதியின் இறுதி இரண்டு நிமிடத்துக்கு முன் கட்டாய இடைவேளை வந்ததும், அதே ஆண்டு களத்தில் ஒரு வீரரின் தலைக்கவசத்தில் பயிற்சியாளரின் குரல் கேட்கும் கருவி அனுமதிக்கப்பட்டதும் இந்தக் கணக்குகளை மாற்றின.

எதிரணியை வேண்டுமென்றே டச்டவுன் எடுக்கவிடுவதும் ஒரு தற்காப்பு முடிவே. இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு தொழில்முறை ஆட்டத்திலிருந்து வருகிறது. 2012 பிப்ரவரி சூப்பர் பவுலில் 17-15 என முன்னிலையில் இருந்த நியூ இங்கிலாந்து, ஜயண்ட்ஸ் அணி நேரத்தைக் கரைத்து எளிதான ஃபீல்டு கோல் உதைக்கப் போகிறது என்று கணித்து, அகமது பிராட்ஷாவைக் கோல் பகுதிக்குள் போகவிட்டது. 21-17, ஆனால் 57 நொடி மிச்சமானது. நியூ இங்கிலாந்தால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. தோல்விதான், முடிவு சரியானதே. வெல்ல வாய்ப்பே இல்லாத பாதையை விட்டுச் சிறு வாய்ப்புள்ள பாதைக்கு மாறியது அறிவுள்ள செயல்.

கல்லூரி ஆட்டத்தில் விதிநூலையே ஆயுதமாக்கியவர் ஆரிகனின் டான் லானிங். 2024 அக்டோபர் 12 அன்று ஆரிகன் 32-31 முன்னிலை. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 10 நொடி, மூன்றாவது டவுன், 25 கெஜம். ஆரிகன் 12 பேரைக் களமிறக்கியது. தண்டனை 5 கெஜம்தான்; ஆனால் அந்த முயற்சி தின்ற 4 நொடி திரும்பி வராது. அடுத்த முயற்சியோடு நேரம் தீர்ந்தது. அது தற்செயல் அல்ல என்பதை லானிங் சில நாளில் குறிப்பால் உணர்த்தினார். சில நாளிலேயே விதியின் விளக்கம் மாற்றப்பட்டு, அத்தகைய நிலையில் நொடிகளைத் திரும்பப் பெறும் உரிமை தாக்கும் அணிக்குக் கிடைத்தது. தந்திரத்தின் அறத்தைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று ஒரு பயிற்சியாளர் முன்கூட்டியே கணக்கிட்டு, பயிற்சி செய்து வந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2013 நவம்பர் 30ன் முடிவும் அத்தகையதே. 28-28, 1 நொடி, அலபாமாவின் 57 கெஜ ஃபீல்டு கோல் முயற்சி. உதை குறைவாக விழுந்தால் பந்தை எடுத்து ஓடலாம் என்ற விதியை மனத்தில் வைத்து, ஆபர்னின் கஸ் மல்சான் கோல் பகுதியின் பின்புறத்தில் கிறிஸ் டேவிஸை நிறுத்தினார். உதைக்கும் அணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கனத்த தடுப்பாளர்கள். துரத்தி ஓடத் தக்கவர்கள் அல்லர். டேவிஸ் களம் முழுவதையும் கடந்து ஓடினார். 34-28. பதினொருவரில் ஒருவரைப் பின்னால் நிறுத்துவதால் ஆபர்ன் இழந்தது ஏறத்தாழ ஒன்றுமில்லை, பெறக்கூடியதோ ஆட்டமே. தற்காப்பு முடிவுகளில் இவ்வளவு மலிவான பேரம் எப்போதும் அமையாது.

அளவுகோல்கள் எவ்வளவு உதவும்?

முடிவை விளைவிலிருந்து பிரிப்பது மனித மனத்துக்கு எளிதல்ல. நடந்து முடிந்த பின் அது முன்பே தெரிந்ததுபோல் தோன்றும் மயக்கத்தைப் பருக் ஃபிஷ்ஹாஃப் 1975ல் ஆராய்ந்தார். ஒரே முடிவை, விளைவு நல்லதாக இருந்தால் உயர்வாகவும், தீயதாக இருந்தால் தாழ்வாகவும் மக்கள் மதிப்பிடுவதை ஜோனத்தன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988ல் காட்டினார்கள். இவை விளையாட்டைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பத்திரிகைக்கும் பொருந்தும்.

மாற்றாக வந்தது எண்கணிதம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மாக்கல் என்ற அறிஞருடன் சேர்ந்து 1971ல் களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் புள்ளி மதிப்பைக் கணித்தார். நான்காவது டவுனில் அணிகள் தேவைக்கு மேல் தயங்குகின்றன என்று பொருளாதார அறிஞர் டேவிட் ரோமர் 2006ல் வெளியிட்ட ஆய்வு வாதிட்டது. இன்று வெற்றி வாய்ப்பு வீதத்தை நொடிக்கு நொடி திரையில் காட்டுகிறார்கள்.

இந்தக் கருவிகள் தாக்கும் அணியின் முடிவுகளுக்கு நன்கு பொருந்துகின்றன. தற்காப்புக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. நான்காவது டவுனில் உதைப்பதா ஓடுவதா என்பது எல்லோரும் காணும் தேர்வு. தற்காப்பின் தேர்வு மறைந்திருக்கிறது. தொலைக்காட்சிக் கேமரா பந்தைச் சுற்றியே நிற்கும். ஆழத்துக் காவலர்கள் பெரும்பாலும் படத்துக்கு வெளியே. பயிற்சியாளர் அழைத்த ஏற்பாடு எது, எதிரணியின் நிலையைக் கண்டு களத்திலிருந்த மாணவர் மாற்றியது எது, மறந்து போனது எது என்பது வெளியே தெரிவதில்லை. அதோடு, கல்லூரி ஆட்டத்தின் உயர் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள். அவற்றிடையே திறன் வேறுபாடு மிகப் பெரியது. சராசரி அணிகளை வைத்துக் கணித்த வீதம் வின்ஸ் யங்கின் இரவுக்குப் பொருந்தாது.

விளைவே முக்கியமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு விளைவு எதையும் நிரூபிப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் விளைவு நிரூபிக்கும். 1984ல் ஃப்ளூட்டியிடம் தோற்பதற்கு இரண்டு வாரம் முன்பு, அதே மயாமி இடைவேளையில் 31-0 என முன்னிலை பெற்றும் மேரிலாண்டிடம் 42-40 என ஆட்டத்தைப் பறிகொடுத்திருந்தது. ஒரு பெருந்தூர எறிதலை விதி என்று விட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தற்காப்பில் ஒரு குறை இருந்தது புலப்படும். அன்றைய தலைமைப் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் 1987ல் மயாமியைத் தேசியப் பட்டத்துக்கு அழைத்துச் சென்றார். குறை நிலையானது அல்ல என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

களத்தில் நிற்பவர்கள் மாணவர்கள்

கல்லூரி ஆட்டத்தை எடைபோடும்போது மறக்கக் கூடாத ஒன்று, ஏற்பாட்டைச் செயல்படுத்துவோர் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இருப்பவர்கள். பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்கு விதி இடம் தருகிறது. கல்லூரி விதிகள் தாக்குபவர்களுக்கு விரிந்த களத்தையும் தருகின்றன: பந்து வைக்கும் உட்கோடுகள் அகலமானவை, பாஸ் பிடிப்பவர் ஒரு காலை உள்ளே வைத்தால் போதும். மறுபக்கம், பாஸ் பிடிப்பவரை முறைதவறித் தடுத்தால் தொழில்முறையில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போகும். கல்லூரியில் அதிகபட்சம் 15 கெஜம்தான். ஆகவே தப்பிவிட்ட ஒருவரைப் பிடித்திழுத்துத் தண்டனை வாங்குவதே சில வேளை சிறந்த தற்காப்பு என்பதையும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

2008 நவம்பர் 1 அன்று டெக்சஸ் முன்னிலையில் இருந்தபோது, கையில் விழுந்த பந்தை ஒரு முதலாண்டு மாணவர் நழுவவிட்டார். பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த எறிதலில் டெக்சஸ் டெக்கின் மைக்கேல் கிராப்ட்ரீ 1 நொடி மிச்சத்தில் டச்டவுன் எடுத்தார். 39-33. பந்து நிற்காத அந்த இரு கைகளை வைத்து ஏற்பாடு சரியா தவறா என்று தீர்மானிப்பது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

தீர்ப்புக்கு ஓர் ஒழுங்கு

மேலே கண்டவற்றைத் திரட்டினால், ஒரு தற்காப்பு முடிவை எடைபோட நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம். முதலாவது, அந்த நொடியில் எதிரணிக்குத் தேவைப்பட்டது எது, பயிற்சியாளர் விட்டுக்கொடுத்தது எது? இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிவு தவறு; டென்னசியிடம் அலபாமா தோற்றது இப்படி. இரண்டாவது, கையிலிருந்த ஆட்களால் அந்த ஏற்பாட்டைத் தாங்க முடியுமா? ஆபர்ன் 2023ல் தடுமாறியது இங்கே. மூன்றாவது, அந்த நிலைமைக்கு மாணவர்கள் முன்பே தயார்செய்யப்பட்டார்களா? ஆரிகனும் 2013ன் ஆபர்னும் இதற்கு ஆம் என்று சொல்லும். அதே ஆண்டில் பந்தைத் தட்டிவிட மறந்த ஜார்ஜியா இல்லை என்று சொல்லும். நான்காவது, இந்த மூன்றும் சரியாக இருந்தும் தோல்வி வந்ததா? வந்திருந்தால் எதிரணியைப் பாராட்டிவிட்டு நகர வேண்டும். டகோவைலோவாவின் எறிதலுக்கு அதுதான் உரிய மரியாதை.

இந்த வரிசையில் விளைவுக்கு இடம் கடைசியில்தான். வென்ற பயிற்சியாளரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது இதன் கண்டிப்பான பக்கம். மில்ரோவின் பந்து கைநழுவி விழுந்திருந்தால் ஆபர்னின் இரண்டு பேர் பாய்ச்சலை ஒருவரும் விமர்சித்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு வேறு ஓர் அணி அதைப் பின்பற்றியிருக்கும். தப்பித்துக்கொண்ட தவறுகளைக் கண்டுபிடிப்பவரே உண்மையான விமர்சகர். ஒரு சீசன் முழுவதும், வென்ற ஆட்டங்களையும் சேர்த்து, இந்த நான்கு கேள்விகளோடு பார்த்துவிட்டு ஒரு பயிற்சியாளரைக் குறைசொல்பவரின் சொல்லுக்கு எடை இருக்கிறது. ஒரே பந்தைப் பார்த்துவிட்டுப் பதவி விலகச் சொல்பவரின் சொல்லுக்கு இல்லை. பயிற்சியாளர்களின் வேலையும் இருபது வயது மாணவர்களின் பெயரும் இந்தத் தீர்ப்புகளில்தான் தொங்குகின்றன. ஆகவே தீர்ப்புச் சொல்பவர்களும் களத்தில் இருப்பவர்கள் அளவுக்குத் தயாராகி வர வேண்டும்.